இரும்பு முளைக்குப் பதில் ஒரு முறி

செருப்பு வார் அறுந்து ஒரு மைல் இருக்கும். இரண்டையும் சாக்குப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு இரணைமடுக் குளக்கட்டில் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் வயல், நேரே கண்ணைக் குத்தும் பின்னேர வெயில். கட்டு முடிந்தால் காட்டுப் பாதை, அதற்கப்பால் கண்டி வீதி. பொழுதுபட முன்னர் வீதிக்கு ஏறிவிட வேண்டும். பொழுதுபட்டால் ஆனைகள் தண்ணீருக்கு இறங்கும்.

பைக்குள் ஒரு சாரம், ஒரு பழைய போர்வை, முகாமின் சமையல்காரர் கடதாசியில் சுற்றித் தந்த அரை இறாத்தல் பாண். வேலை போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஆனையிறவில் உப்பு அள்ளினேன், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தேன், ஒரு சுருட்டுக் கொட்டிலில் இலை கிழித்தேன். சில இடங்களை நானாக விட்டேன், சில இடங்களில் விடச் சொன்னார்கள். எந்த இடத்தை விட்டு நடந்தாலும் அடுத்த இடத்தில் சோறு எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டு நடப்பேன். அன்று அப்படி முடியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு லொறிகள் அந்த ஓடைக்கரைக்கு வரும். அதை மறிக்கக்கூடிய அரசாங்கக் கந்தோர் வவுனியாவில், பத்து மணிக்குத்தான் திறக்கும். இடையில் மூன்று மணித்தியாலம். அதற்குள் கரை போய்விடும். போனால் அதற்குக் காரணம் நான்.

ஓடை குளத்துக்குக் கிழக்கே, காட்டுக்குள் ஒரு கிறவல் மேட்டில் இருந்தது. மேலே செம்மண், ஒரு ஆள் உயரத்துக்கு. அதன் கீழே உருண்டைக் கல்லும் களியும் இறுகிப்போன கிறவல். மாரித் தண்ணீர் மேட்டை அறுத்து ஓடையாக்கியிருந்ததால் இந்த இரண்டும் வெட்டிய பாண் போல ஓடைக்கரையில் தெரியும். வீதி போடக் கிறவல் தேடித் திரிந்தவர்களுக்கும் அந்த மேடு பிடித்திருந்தது. எங்கள் ஐயாவுக்கும் பிடித்திருந்தது.

ஐயா கொழும்பிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும், காக்கிக் காற்சட்டை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. இரும்பையும் செம்பையும் மனிதர் அறிய முன்னர், கல்லை உடைத்து ஆயுதம் செய்த காலத்தை ஆராய்வது அவர் வேலை. என்னை அவர் எடுத்தது மண் வெட்ட. மூன்று கிழமையில் கல்லும் பார்க்கப் பழக்கிவிட்டார்.

"தானா உடைஞ்ச கல்லு கண்டபடி உடையும். ஆள் உடைச்ச கல்லு வரிசையா உடையும். விரலால தடவிப் பாரும்" என்பார்.

அப்படிப்பட்ட கற்கள் மேட்டின் மேல் எத்தனையோ கிடந்தன. ஆனால் அவற்றைப் பொறுக்கிக் காட்டினால் கொழும்பில் அவருடைய கந்தோரில் உள்ளவர்கள் சிரிக்கிறார்களாம். வண்டில் ஏறி உடைந்த கல், நேற்று மாட்டுக்காரன் உடைத்த கல் என்கிறார்களாம். ஆகவே அவருக்கு வேண்டியது கிறவலுக்குள் புதைந்து நிற்கும் கல். மேலே செம்மண் குலையாமல் இருக்க வேண்டும். செம்மண் வந்து மூட முன்னரே அந்தக் கல்லைத் தட்டியவன் அங்கே இருந்தான் என்று அப்போதுதான் சொல்லலாம்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அது கிடைத்தது. ஐயாதான் கண்டார். ஓடைக்கரையில், என் இடுப்பளவில், களிக்குள் முக்கால்வாசி புதைந்தபடி, தேன் நிறத்தில் உள்ளங்கை அளவு கல். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் நாலு சில்லு வரிசையாகத் தட்டி எடுத்திருந்தது. ஐயா அதைத் தொடவில்லை. முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கமரா வவுனியாவில் திருத்தக் கொடுத்திருந்தது. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கிறவல் வெட்டத் தொடங்கப் போகிறார்கள் என்று அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. கமராவை எடுத்து வரவும் வேலையை மறிக்கச் சொல்லிக் கேட்கவும் ஐயா அவசர அவசரமாக ஜீப்பில் ஏறினார்.

"அந்தக் கல்லுக்கு நேர மேல, கரையில ஒரு இரும்பு முளையை அடிச்சு விடும். கல்லை மண்ணால மூடி விடும். ஆடு மாடு, ஆக்கள் ஒண்டும் கிட்டப் போகக் கூடாது. நான் ஞாயிறு விடிய வந்திடுவன். அதுமட்டும் அதிலயே இரும்."

"ஓமய்யா."

"முளை முக்கியம். விளங்குதோ?"

"ஓமய்யா, விளங்குது."

முளைகள் முழ நீளம், தலையில் வெள்ளைப் பூச்சு. வியாழன் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆவணி வெயிலில் செம்மண் சீமெந்து மாதிரி. முளை ஒரு சாண் இறங்கியதும் கீழே கல்லில் பட்டு வளைந்தது. இன்னும் இரண்டு அடி போட்டேன், கரை விளிம்பில் மண் கட்டி ஒன்று கழன்று விழுந்தது. இதற்கு மேல் அடித்தால் கரையே இடிந்து கல்லும் விழும் என்று பயந்து நிறுத்தினேன். இது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாட்டு. உள்ளதைச் சொன்னால், அலுத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி நின்ற வீரை மரத்தில் இலையோடு ஒரு கொப்பு முறித்து, முளை இறங்கிய துளையில் குத்திவிட்டேன். வெயில் தாழ வந்து வேறு முளை அடிக்கலாம் என்று நினைத்தேன். வளைந்த முளையைச் சமையல்காரரிடம் எறிந்தேன்.

அவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர், வேதக்காரர், கடலை விட்டுச் சமையலுக்கு வந்ததற்குக் காரணம் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லுவார்.

"இஞ்சை கொண்டா. பானை சரியுது, அடுப்புக்கு ஒரு குறுக்குக் கம்பி வேணுமெண்டு மாதாவைக் கேட்டனான்" என்று வாங்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் ஓடைக்கரைப் பாதையால் தேன் எடுக்கிறவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தோளில் கோடரி, தேனுக்குச் சுரைக்குடுவை. அந்தப் பாதையில்தான் பெருங்காடு தொடங்குகிறது. வன்னியில் காட்டுக்குள் போகிறவன் வாசலில் ஒரு இலைக் கொப்பை முறித்து வைத்து, ஐயனாரே, பிள்ளையாரே, கரடி ஆனை பாம்பு காட்டாமல் கூட்டிப் போ என்று கும்பிட்டுவிட்டுத்தான் போவான். அந்தக் கொப்புக்குப் பெயர் முறி. முன்னே போனவன் ஒரு முறி வைத்திருந்தால் பின்னே வருகிறவன் பேசாமல் தாண்டிப் போக மாட்டான். தானும் ஒன்று வைப்பான்.

அவர்கள் என் கொப்பைக் கண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வீரையில் முறித்து வரிசையாகக் கரையில் குத்தினார்கள். ஐந்து பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மண்வெட்டிப் பிடியில் நாடியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். அது சாமிக்கு வைத்த முறி இல்லை, அடையாளம் என்று ஒரு வார்த்தை. ஆனால் கும்பிட்டு வைத்ததைப் பிடுங்கச் சொல்ல வாய் வரவில்லை. அதோடு என் கொப்பு எது என்று எனக்குத் தெரியும்தானே.

"என்ன, தனிய நிண்டு என்ன செய்யிறாய்?" என்று மூத்தவர் கேட்டார்.

"காவல்."

"எதுக்கு?"

"கல்லுக்கு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினான். "காவல்காரர், கல்லு எழும்பி ஓடுமே?" என்றான். "ஓடினால் ஆனையிறவுச் சோதனைச் சாவடியில பிடிச்சுப் போடுவாங்கள். நீ வா, தேன் தின்னலாம்."

போனேன். கல்லை மண்ணால் அப்பி மூடினேன், அதை ஒழுங்காகச் செய்தேன். பிறகு அவர்களோடு போனேன். ஒரு இடத்தில் இருக்கச் சொன்னால் என் கால் அரிக்கும். அது சிறு வயதிலிருந்து உள்ளது. ஐந்தாம் வகுப்பில் என்னைக் கதிரையோடு கட்டிவைத்த வாத்தியார் கூட அதை மாற்றவில்லை.

இரண்டு நாள் காட்டில் கழிந்தது. வெள்ளி பின்னேரம் காலம் தப்பிய மழை ஒன்று கொட்டியது. மரப்பொந்துக்குள் குந்தியிருந்தபோது கல்லை நினைத்தேன், மண் கழுவுண்டு போகுமே என்று. சனி பொழுதுபட முகாமுக்கு வந்தேன். அலுப்பில் ஓடைக்குப் போகவில்லை. விடியப் பார்க்கலாம் என்று படுத்தேன்.

விடிய ஜீப் வந்துவிட்டது.

ஐயா சவரம் செய்யாத முகத்தோடு இறங்கினார். கமராப் பை தோளில். தேத்தண்ணியைக் கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"வவுனியாக் கந்தோரில கதைச்சனான். வெறும் கதைக்கு வேலையை நிப்பாட்டேலாதாம். படம் எடுத்துக் காட்டச் சொல்லுறாங்கள், கல்லு கிறவலுக்குள்ள நிக்கிற படம். நாளைக்குப் பத்து மணிக்குக் காட்டினால் இந்தக் கரையை விட்டிட்டு வெட்டச் சொல்லுவாங்கள். நடவும். முளை கிடக்குதுதானே?"

"கிடக்குது ஐயா."

அவர் முன்னே நடந்தார். நான் பின்னே. மேட்டில் ஏறி ஓடைக்கரை தெரிந்ததும் அவர் நின்றார். நானும் கண்டேன்.

கரை நெடுக முறிகள். நாற்பது ஐம்பது இருக்கும். வீரை, பாலை, பனிச்சை, கைக்கு எட்டியதெல்லாம். வியாழன் வைத்ததும் வெள்ளி வைத்ததும் மழையில் அடிபட்டு வெயிலில் வாடி எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல். மழையில் ஓடைக்கரை பல இடத்தில் வழுகி இறங்கியிருந்தது. நான் அப்பிய மண் எங்கே என்று தேடினேன். ஓடை முழுக்க அப்பிய மண்தான்.

"முளை எங்கை?" என்றார் ஐயா.

"சனம் பிடுங்கிப் போட்டுதுகள் போல, ஐயா. இரும்பெண்டால் விடுவினமே?"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் பையை இறக்கி வைத்துவிட்டுத் தூரிகையும் சிறு கரண்டியும் எடுத்தார். முதல் முறியிலிருந்து தொடங்கினோம். முறியைத் தூக்குவது, கல்லைப் புரட்டிப் பார்ப்பது, கரையில் இறங்கி இடுப்பளவில் சுரண்டுவது. பிறகு அடுத்த முறி.

ஏழாவதில் நிற்கும்போது விறகுக்கு வந்த பெண் ஒருவர் பாதையில் நின்று கத்தினார். குளத்து நீர்ப்பாசனக் காணியில் வயல் செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண். தலையில் சும்மாடு, கையில் கத்தி.

"என்ன மோனை, முறியளைக் கிளறுறியள்? காட்டுக்கை போற நாங்கள் உயிரோட வாறதில்லையே?"

ஐயா ஓடைக்குள் இருந்து தொப்பியைக் கழற்றினார். "கோபிக்காதேங்கோ அம்மா. ஒரு கல்லைத் தேடுறம். இதெல்லாம் ஆர் வைச்சது?"

"ஆரோ முதல் வைச்சிருந்தது. பிறகு நாங்கள் வைச்சம், மாட்டுக்காரர் வைச்சினம். வைச்சிருக்கிறதைக் கண்டிட்டு வெறுங்கையோட தாண்டேலுமே?"

"கல்லு?"

"மழைக்கும் காத்துக்கும் விழாமல் அண்டக் குடுத்தனாங்கள்."

"எங்கால எடுத்தனீங்கள் அம்மா?"

அவா கத்தியால் ஓடைக்கரையைக் காட்டினா. "உதிலதான். மழைக்கு இளகிக் கிடந்துது. பிடிச்சு இழுக்க வந்திட்டுது."

ஐயா கரையில் கையை ஊன்றிக்கொண்டார். அவா போகத் திரும்பி, பிறகு நின்று சொன்னா: "எடுத்ததை எடுத்த இடத்தில வைச்சிட்டுப் போங்கோ. மாறி வைக்கிறதில்லை."

"அதைத்தான் அம்மா நானும் முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டு திரியிறன்" என்றார் ஐயா. சிரிக்கத்தான் முயன்றார்.

அதன் பிறகு நாங்கள் தூக்கிய ஒவ்வொரு முறியையும் அதே துளையில் திரும்பக் குத்தினேன். பெண்ணுக்குப் பயந்தா சாமிக்குப் பயந்தா என்று தெரியாது. முதலில் வைத்தது யார் என்று ஐயா ஒரு தடவை கேட்டார். தேன்காரர் என்றேன்.

மத்தியானம் சாப்பிட முகாமுக்கு வந்தோம். சாப்பிட அவருக்கு விருப்பமில்லை, எனக்காக வந்தார். சமையல்காரர் கூடாரத்துக்குப் பின்னால் கிடுகால் மறைத்துக் குசினி போட்டிருந்தார். அடுப்பில் சோற்றுப் பானை. பானைக்குக் கீழே குறுக்குக் கம்பி. கரி பிடித்திருந்தாலும் வெளியே நீட்டிய தலையில் வெள்ளைப் பூச்சு அப்படியே தெரிந்தது.

நான்தான் முதலில் கண்டேன். ஐயா கை கழுவிக்கொண்டு நின்றார். அடுப்புக்குக் கிட்டப் போய்க் குந்துவது போலப் பாவனை செய்து காலால் அந்தத் தலையைச் சாம்பலுக்குள் தள்ளப் பார்த்தேன். பழுக்கக் காய்ந்திருந்தது. பெருவிரலில் தோல் ஒட்டிக்கொண்டது. பானை சரிந்து கஞ்சி நெருப்பில் கொட்டிச் சீறியது.

"மாதாவே! பானையைக் கவிட்டுப் போடாதை. நீ தந்த கம்பிதானே, திருப்பி வேணுமெண்டால் வாயால கேளன்!" என்று சமையல்காரர் கத்தினார்.

ஐயா துவாயால் கையைத் துடைத்தபடி வந்தார். அடுப்பைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அகப்பையைக் கீழே வைத்தார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு பெட்டியில் உட்கார்ந்து, என்னையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"முளைக்குப் பதிலா என்ன வைச்சனீர்?"

"வீரைக் கொப்பு ஐயா."

"அப்ப முதல் முறி உம்முடையது."

"ஓம்."

சமையல்காரர் தன்னை மறந்து, "யேசுவே, நீ ஒரு கொப்பு வைச்சாய், சனம் கோயிலே கட்டிப் போட்டுது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐயா கொப்பியைத் திறந்தார். பொலிஸ்காரன் கேட்பது போல இல்லை. கல்லைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "கொப்பைக் குத்தேக்கை வெயில் எந்தப் பக்கம் பட்டது? வீரை மரம் வலக்கையிலயோ இடக்கையிலயோ? மரத்தில இருந்து வரேக்கை எத்தினை எட்டு எடுத்து வைச்சிருப்பீர்? விழுந்த மண் கட்டி எவ்வளவு பெரிசு? எந்தக் கையால கொப்பைப் பிடிச்சனீர்?"

ஒவ்வொன்றுக்கும் யோசித்துச் சொன்னேன். வாழ்நாளில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. வெயில் முதுகில். மரம் இடக்கையில். பதினைந்து எட்டு, இருபதாகவும் இருக்கலாம். அங்கேதான் பிடி விட்டது. பதினைந்தா இருபதா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இருபது என்றேன். எதையாவது திடமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சாப்பிடாமலே திரும்பப் போனோம். இருபது எட்டில் வெட்டினோம். கரையை ஒரு முழம் உள்ளே சுரண்டினோம். வெறும் களி, வெறும் உருண்டைக் கல். பதினைந்தில் கரையே இருக்கவில்லை. வழுகிப் போய், கிறவல் பெயர்ந்து ஓடைக்குள் குவிந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே பாலைக் கொப்பில் ஒரு முறி, அதன் அடியில் கல். நான் சும்மா புரட்டினேன்.

தேன் நிறம். உள்ளங்கை அளவு. நாலு சில்லு வரிசையாக. மற்றப் பக்கத்தில் கிறவல் களி இன்னும் ஒட்டியிருந்தது.

"ஐயா! கிடைச்சிட்டுது! இதுதான்!"

அவர் ஓடி வந்து வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். களியை நகத்தால் தொட்டார், சுரண்டவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே போய்விட்டது.

"இதுதான்" என்றார்.

"அப்ப படம் எடுங்கோவன் ஐயா. திரும்பக் களிக்குள்ள வைச்சு..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன்.

"வைச்சால், வைச்ச கல்லு. எனக்குக் கல்லு தேவையில்லை. அது நிண்ட இடம்தான் தேவை. அது போயிட்டுது." கல்லைச் சிறு துணிப்பைக்குள் போட்டு, பென்சிலால் ஏதோ எழுதி, பையின் வாயைக் கட்டினார். கரையைப் பார்த்தபடி, "ஒண்டு கிடந்த கரையில இன்னொண்டு கிடக்கும். கரை நிண்டால் தேடலாம். நாளைக்குப் படம் இல்லாமல் போய்க் காலில விழுந்தெண்டாலும் கேக்கிறன். பத்து மணிக்குத்தான் திறப்பாங்கள். லொறி ஏழுக்கு வரும்" என்றார்.

அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் இந்தப் பக்கக் கரையை அள்ளிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

முகாமுக்கு நடக்கும்போதே எனக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். "அண்டைக்கு அளவு நாடாவை எடுத்து அளந்து எழுதாமல் ஓடினது நான். அந்தப் பிழை என்ரை. முளையும் போகட்டும், மண் இறுக்கம். ஆனால் சனம் பிடுங்கினது எண்டு சொன்னீர் பாரும். எந்தக் கல்லு எங்கை கிடந்தது எண்டு ஆக்கள் சொல்லுறதை நம்பித்தான் என்ரை வேலை. இனி நீர் காட்டுற இடத்தில நான் எப்பிடி எழுதுறது?"

பையைக் கட்டினேன். சமையல்காரர் பாணைத் தந்துவிட்டு, "விரலுக்குத் தேன் பூசு, காட்டில தின்னாமல் மிச்சம் விட்டிருந்தால்" என்றார். அவருடைய கோபம் அவ்வளவுதான்.

குளக்கட்டு முடிந்து காட்டுப் பாதைக்குள் இறங்கும்போது மங்கலாகிவிட்டது. சுட்ட விரல் கல்லில் பட்டுப் பட்டு விண் விண்ணென்றது. ஒரு வளைவில் புது ஆனை இலத்தி, இன்னும் ஆவி போகவில்லை. நின்று காதைக் கொடுத்தேன். இடப்பக்கம் எங்கோ கொப்பு முறிகிற சத்தம். பழக்க தோசத்தில் கை மேலே போய் ஒரு இலைக் கொப்பைப் பிடித்தது. பிடித்தபடி நின்றேன். முறிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. இன்னொரு ஆள் அதைக் கண்டு இன்னொன்று வைப்பான் என்ற நினைப்பு வந்தது. கையை எடுத்துவிட்டு, ஓடாமல், வேகமாக நடந்தேன். ஆனை என்னைப் பொருட்படுத்தவில்லை.

கண்டி வீதிச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் மர வாங்கில் படுக்க விட்டார். விடிந்ததும் பரந்தன் பக்கம் போய் ஏதாவது வேலை பார்ப்பது என்றுதான் எண்ணம்.

விடிய ஆறு மணிக்குக் கடை வாசலில் லொறி ஒன்று நின்றது. பின்னால் ஏற்கெனவே பத்துப் பேர் மண்வெட்டி, இரும்பு அலவாங்கோடு நின்றார்கள். முன்னாலிருந்து வீதி வேலையை நடத்தும் ஓவசியர் தலையை நீட்டினார். டவுனில் இருந்து வந்தவர், வெள்ளைச் சேட்டு.

"ரெண்டு பேர் குறையுது. கூடை தூக்க ஆர் வாறியள்?"

"எங்கை ஐயா வேலை?" என்றேன்.

"குளத்துக்குக் கிழக்கை. கிறவல் மேடு."

பரந்தன் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஏறிவிட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தக் கரை போவதாக இருந்தால் போவதைப் பார்க்கவாவது வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

நான் முதல் நாள் பின்னேரம் முழுக்க நடந்த வழியை லொறி முக்கால் மணித்தியாலத்தில் திரும்ப ஓடியது. மேட்டில் முகாம் கூடாரம் நின்றது, ஜீப் இல்லை. ஐயா போய்விட்டார். சமையல்காரர் குசினி வாசலில் நின்று என்னைக் கண்டார். கையை உயர்த்தவில்லை, கூப்பிடவும் இல்லை. வாயைப் பிளந்தபடி நின்றார்.

ஓவசியர் நேரே ஓடைக்கரைக்குத்தான் போனார். கரை ஏற்கெனவே அறுபட்டு இருப்பதால் வெட்டச் சுகம், லொறியையும் பின்னுக்கு எடுக்கலாம். "இதில பிடியுங்கோ" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்றவர் அலவாங்கை நிலத்தில் ஊன்றினார்.

"முறி வைச்சிருக்கு, ஐயா."

"என்ன முறி?"

"காட்டு முறி. சாமிக்கு வைச்சது. பாருங்கோ, கரை நெடுக. இதில இரும்பு படேலாது."

"விசர்க் கதை! பத்துக் கொப்பு. பிடுங்கி எறிஞ்சு போட்டு வெட்டுங்கோ."

"நீங்கள் பிடுங்குங்கோ ஐயா. நாங்கள் பின்னேரம் இந்தக் காட்டால வீட்டை போற ஆக்கள்."

ஓவசியரின் கை முன்னே போய், பாதி வழியில் நின்றது. அவரும் அந்தக் காட்டால்தான் திரும்ப வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழேகால்.

"ஆரடா முதல்ல கொண்டுவந்து வைச்சது?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் விடை தெரிந்தவன் நான் ஒருவன். அது முறி இல்லை, ஒரு சோம்பேறி வைத்த அடையாளம் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் அலவாங்கு இறங்கும். நேற்று ஐயாவுக்குப் பொய் சொன்ன அதே வாய்தான். பற்களை இறுக்கிக்கொண்டேன்.

"ஆர் வைச்சாலென்ன ஐயா? வைச்சாச்சு" என்றார் அலவாங்குக்காரர்.

ஓவசியர் கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கினார். லொறிக்காரனுக்குக் கையைக் காட்டினார். லொறி உறுமிப் பின்வாங்கி மேட்டின் மறுகோடிக்குப் போனது. ஓடையிலிருந்து இருநூறு கஜம் இருக்கும். அங்கே தண்ணீர் அறுத்த கரை இல்லை, கிறவல் எடுக்க முதல் மேலே ஒரு ஆள் உயரம் செம்மண் அள்ள வேண்டும். எல்லோரும் முணுமுணுத்தார்கள். பத்து மணி தாண்டியும் மண்தான் அள்ளுவோம் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கிடைத்த கூடையில் ஒரு பக்கம் பிரம்பு உடைந்திருந்தது. ஓட்டைக்கு ஒரு வாடல் இலையை மடித்து வைத்து, சுட்ட விரலை நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டு, முதல் கூடையை லொறிக்குள் கொட்டினேன். ஐயாவின் ஜீப் சத்தம் வருமா என்று வவுனியாப் பக்கம் காது. இரண்டாவது கூடைக்குத் திரும்பினேன்.